காதால் ரிப்பேர் பார்க்கிற டீச்சர்

கண்ணை இறுக மூடிக்கொண்டு, போனைக் காதோடு ஒட்டிவைத்து, "இன்னொரு தடவ ஓட்டுங்கண்ணே" என்கிறாள். எங்கோ ஒரு வீட்டில் தையல் மெஷின் ஒன்று கடகடவென ஓடி நிற்கிறது.

"இப்ப மெதுவா. சக்கரத்தக் கையால சுத்துங்க. ம்... நிறுத்துங்க. அடியில பல்லுக்கு நடுவுல பஞ்சு அடைச்சிருக்கு. ஒரு பழைய பல் பிரஷ் எடுத்துக் குடைஞ்சு விடுங்க. உங்க பிரஷ்ஷா இருக்கட்டும். அண்ணியோடத எடுத்தீங்கன்னா அப்புறம் அந்த ரிப்பேரு என்னால ஆகாது."

அந்தப் பக்கம் சிரிப்பு. ஐந்து நிமிஷம் கழித்து அதே மெஷின் மறுபடி ஓடுகிறது. கரகரப்பு போய், தொண்டை சரியான பாட்டுக்காரர் மாதிரி இருக்கிறது. அவள் கண்ணைத் திறந்து அடுத்த நம்பரை அழுத்துகிறாள்.

இவள் என் தம்பி மகள். தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை, என் சித்தி மகன். ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வித்தியாசத்தை நாங்கள் இருவரும் எப்போதோ மறந்துவிட்டோம். சொந்தக்காரர்கள்தான் பத்திரமாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். தம்பி கடிகாரக் கடையில் வேலை பார்த்தவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பதினொன்றாவது வந்தால் உடம்புக்கு என்னமோ என்று வீட்டில் பதறுவார்கள். ஆனால் கடிகாரத்தைக் காதருகே கொண்டுபோனால் போதும், எந்தச் சக்கரத்தில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

அம்மா வழி இதற்கு நேர் எதிர். இவளுடைய பெரியம்மா ஒரு தடவை தவறான நம்பருக்குப் போன் போட்டுவிட்டு, பேசுவது யாரென்றே தெரியாமல் முக்கால் மணி நேரம் பேசினார். அந்தத் தவறான நம்பர்க்காரர் வீட்டுக்குத்தான் மூன்று வருஷம் கழித்து அவருடைய இரண்டாவது மகளைக் கட்டிக் கொடுத்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல இடம். இவளுக்கு அப்பாவின் காதும் அம்மா வீட்டு வாயும் வாய்த்தன. இரண்டையும் வைத்துத்தான் பிழைப்பு நடக்கிறது.

பதினாலு வருஷம் ஒரு மெஷின் கடையில் ரிப்பேர் பார்த்தாள். கடையில் போன் எடுக்கிற ஆள் லீவு போட்ட நாளெல்லாம் இவள்தான் எடுப்பாள். "மெஷின் ஓடல" என்று கத்துகிறவர்களிடம், "கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க, கேக்கறேன்" என்பாள். பாதிப் பேருக்குக் கடைக்கு வர வேண்டிய தேவையே இல்லாமல் போனது. முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. அது வேறு கதை. இணையத்தில் மெஷின் ரிப்பேர் சொல்லிக் கொடுக்கிற நிறுவனம் ஒன்றுக்கு இது காதில் விழுந்து, வந்து கேட்டார்கள். போனாள். போனாள் என்றால் எங்கும் போகவில்லை. வீட்டு உள்ளறையில் ஒரு மேஜை போட்டுக்கொண்டாள்.

அந்த மேஜையைப் பார்க்க வேண்டும். மூன்று மெஷின்கள் வயிற்றைத் திறந்து மல்லாந்து கிடக்கும். பக்கத்தில் முட்டை அட்டைகள். ஸ்க்ரூவைக் கழற்றுகிற வரிசையிலேயே குழி குழியாகப் போட வேண்டும் என்பது அவள் சட்டம். "கழட்டறதுக்கு மெக்கானிக் வேண்டாம்கா, கோவம் இருந்தா போதும். மாட்டறதுக்குத்தான் மெக்கானிக்" என்பாள். ஜன்னல் கம்பியிலிருந்து கயிறு கட்டி ஒரு போனை வௌவால் போலத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறாள். அது அவள் முகத்தைக் காட்டாது, கையை மட்டும் காட்டும். படிக்கிறவர்களிடமும் அதையே கேட்பாள்: "மூஞ்சி வேண்டாம், அது கல்யாணத்துக்குப் பாத்துக்கலாம். கையக் காட்டுங்க."

இன்னொரு போன் காதுக்கு. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வகுப்பு நடக்கிற அந்த ஆப்புக்கு, மனுஷப் பேச்சுதான் பேச்சு, மற்ற சத்தமெல்லாம் குப்பை என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் வாரம் முப்பது பேரும் மெஷினை ஓட்டினார்கள். இவள் காதில் ஒன்றுமே விழவில்லை. முப்பது மெஷினும் சொர்க்கத்தில் ஓடுகிற மாதிரி அப்படி ஒரு அமைதி. இருமினால் கேட்கிறது, மெஷின் கேட்கவில்லை. "நம்ம பாடத்தையே பெருக்கித் தள்ளுது பாருங்க பெரியப்பா" என்றாள் என்னிடம். அன்றிலிருந்து பார்ப்பதற்குக் கம்ப்யூட்டர், கேட்பதற்குச் சாதாரணப் போன்.

பாடம் எடுப்பவர் இவள் இல்லை. நாற்பத்திரண்டு பாடங்களும் முன்பே படம் பிடித்து வைத்தவை. வெள்ளைக் கோட்டு, படிய வாரிய தலை, இரண்டு மூக்குக் கண்ணாடி, பளிச்சென்ற மேஜை என்று ஒருவர் வந்து நடத்துகிறார். இவள் அவரைப் 'படத்து வாத்தியார்' என்பாள். நானும் உட்கார்ந்து ஏழெட்டுப் பாடம் பார்த்தேன். மனுஷர் ஒரு தடவைகூட இருமவில்லை. ஒரு ஸ்க்ரூ அவர் கையிலிருந்து உருண்டு மேஜைக்கு அடியில் போகவில்லை. ஸ்க்ரூ தொலையாத மெக்கானிக்கை நான் என் ஆயுசில் அப்போதுதான் பார்த்தேன்.

"அவரு தங்கமானவரு பெரியப்பா. எத்தன தடவ ஓட்டினாலும் சலிக்காம சொல்லுவாரு. ஒரே குறை, நாம கேட்டா திரும்பிப் பாக்க மாட்டாரு."

திரும்பிப் பார்க்கத்தான் இவள். காகிதத்தில் இவள் வேலைக்குப் பெயர் வழிகாட்டி. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், முப்பது பேருக்குச் சந்தேகம் தீர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சந்தேகம் வருகிறவர்களைப் பற்றி இவளுக்குக் கவலையே கிடையாது. "கேக்கறவங்க பொழச்சுக்குவாங்க" என்பாள். கேட்காமல் போனவர்கள்தான் இவளுக்கு வேலை. யார் எந்தப் பாடத்தில் எந்த நிமிஷத்தில் நிறுத்தினார்கள் என்று கம்ப்யூட்டர் காட்டும். காலையில் டீயோடு அதைத்தான் படிப்பாள், மற்றவர்கள் செய்தி படிக்கிற மாதிரி.

பதினோராவது பாடம், ஆறாவது நிமிஷம். பாதிப் பேர் அங்கேதான் வண்டியை நிறுத்துகிறார்கள். ஷட்டில் டைமிங் என்று பெயர். எனக்கு இவள் சொன்னதைச் சொல்கிறேன். ஊசி நூலோடு துணிக்குள் இறங்கி, அடியைத் தொட்டுவிட்டு, ஒரு எள்ளளவு மேலே ஏறும்போது, நூல் சின்னக் காது மாதிரி விலகி நிற்கும். சரியாக அந்த நேரம் கீழிருந்து ஷட்டிலின் மூக்கு வந்து அந்தக் காதைப் பிடித்துத் திருக வேண்டும். மூக்கு முந்தி வந்தாலும் தையல் விழாது, பிந்தி வந்தாலும் விழாது. முந்தியா பிந்தியா என்று கண்டுபிடிப்பதில்தான் மெக்கானிக்கின் உயிர் இருக்கிறது.

நின்றுபோனவரைக் கூப்பிடும்போது ஏன் பாடம் பார்க்கவில்லை என்று ஒரு நாளும் கேட்க மாட்டாள். "மெஷினுக்கு எண்ணெ போட்டீங்களா?" என்பாள். எண்ணெய் போடாதவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் வெட்கப்படுவார். போய்ப் போடுவார். எண்ணெய் போட்டவர் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார். ஓட்டினவர் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் பேச்சு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மகள் படிப்பு, முதுகு வலி, கீழ்வீட்டுக்காரர் சண்டை என்று சுற்றிவிட்டு, போனை வைக்கிறபோது ஆறாவது நிமிஷத்தைத் தாண்டியிருப்பார்கள்.

இவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். விடிவதற்குள் வேலைக்குப் போய் காலை பத்து மணிக்குத் திரும்புகிறவர். அடுப்பு வேலை பகலில் அவருடையது. மனைவி அனுப்புகிற குரல் செய்திகளைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து உண்டு: "மாமா, இவ அனுப்பறது மெசேஜ் இல்ல. நடுவுல இடைவேள விடணும்." படிப்பு முடிகிறவர்கள் இவளுக்கு நட்சத்திரம் போட வேண்டும். ஐந்துக்கு வந்தது நாலரை. ஒருவர் மட்டும், 'டீச்சர் நல்லவர், ஆனால் அதிகம் பேசுகிறார்' என்று எழுதி அரை நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அது யாராக இருக்கும் என்று அவள் ஒரு வாரம் யோசித்தாள். மாப்பிள்ளை அடுப்பைப் பார்த்தபடியே, "நான் அதுல சேரவே இல்லம்மா" என்றார்.

இந்த அரை நட்சத்திரத்தை நான் அப்போது வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இந்த வருஷத்து முப்பது பேரில் ஒருவர் மூணாம் மாடி அக்கா. பெயர் வேறு ஏதோ இருக்கிறது, ஆனால் முதல் நாளே, "டீச்சர், நான் மூணாம் மாடி. கீழ இருக்கறவங்க கத்துவாங்க, பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும்தான் மெஷின் ஓட்டலாம்" என்று அறிமுகம் செய்துகொண்டதால் அதுவே பெயராகிவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. டீச்சரை விடப் பதினோரு வயது பெரியவர். சட்டை தைக்கிற கம்பெனியில் மத்தியான ஷிப்டில் இருபத்தாறு வருஷமாகக் காலர் மட்டும் தைத்தவர். ஒரு முழுச் சட்டை தைத்ததே இல்லையாம். "ஊரு பூரா என் காலரப் போட்டுக்கிட்டு நடக்குது. கீழ உள்ள சட்டைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல" என்பார்.

அவருடைய சங்கதி இதுதான். விரல் வேகம் குறைந்துவிட்டது. வருஷக் கடைசியோடு தையல் வரிசையிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதே நேரம் கம்பெனி மெக்கானிக் வேலையை விட்டுப் போக, மேனேஜர், "சான்றிதழ் கொண்டு வாங்கம்மா, அந்த நாற்காலி உங்களுக்கு. ஒண்ணாம் தேதி வரைக்கும் காத்திருக்கேன்" என்றார். வீட்டில் கூட இருக்கிற தங்கை நடமாட முடியாதவர். இந்த நாற்காலி கிடைத்தால் இருவருக்கும் பிழைப்பு. இல்லையென்றால் ஐம்பத்திரண்டு வயதில் தெருவில் இறங்கி வேலை தேட வேண்டும்.

வகுப்பில் கெட்டிக்காரி. கை சொன்னபடி கேட்கும். "பிந்தி இருக்குக்கா, முன்னால தள்ளுங்க" என்பாள் இவள், அக்கா ஒரு நூலளவு தள்ளுவார், ஸ்க்ரூவை முறுக்குவார், மெஷின் தைக்கும். ஆனால் பரீட்சையில் தோற்றுப் போனார். பரீட்சையும் இணையத்தில்தான். ஷட்டிலைத் தளர்த்தி, கலைத்துவிட்டு, மறுபடி சரியாக வைத்து, ஒரு முழம் தைத்துக் காட்ட வேண்டும். அக்கா வைத்தார், ஒரு தையல் விழவில்லை. திருத்தினார், இன்னும் மோசம். ஊசி உடைந்தது. ஒரு பரீட்சைக்குள் இரண்டு முயற்சி; பரீட்சைக்கே மொத்தம் இரண்டு வாய்ப்புதான். இரண்டாவதும் போனால் அடுத்த வருஷம் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒண்ணாம் தேதி அதுவரை காத்திருக்காது.

"பயந்துட்டீங்கக்கா. அவ்வளவுதான்" என்றாள் இவள்.

"பயமெல்லாம் இல்ல டீச்சர். பிந்தி இருந்துச்சுன்னு முன்னால தள்ளினேன். இன்னும் பிந்திப் போச்சு. மெஷின் என்னோட கள்ளாட்டம் ஆடுது. விட்டுடலாம்."

"விடறதுக்கு முன்னாடி ஒரு ஊசியாவது மாட்டிட்டு விடுங்க. பாக்கெட்டக் காட்டுங்க, என்ன நம்பர்னு பாப்போம்."

அக்கா ஊசிப் பாக்கெட்டை எடுத்துப் போன் முன்னால் பிடித்தார். இவள் நம்பரைப் படித்தாள்.

"உங்களுக்கு எப்படி டீச்சர் படிக்க வருது? எழுத்தெல்லாம் திரும்பி இருக்கு, முகம் பாக்கற கண்ணாடியில தெரியற மாதிரி."

"கைல இருக்கற பாக்கெட்டப் பாத்துப் படிங்கக்கா. போனை ஏன் பாக்கறீங்க?"

"போன்லதான் கொஞ்சம் பெருசா தெரியுது."

அடுப்படியிலிருந்து மாப்பிள்ளை கரண்டியோடு ஓடி வந்தார். என்னவோ ஏதோ என்று. மனைவி அரை நிமிஷம் பேசாமல் இருந்ததுதான் காரணம்.

விஷயம் அப்போதுதான் புரிந்தது. அக்காவுக்குக் கிட்டப் பார்வை மங்கிவிட்டது. மெஷின் வயிற்றுக்குள் இருக்கிற எள்ளளவை அவர் நேரே பார்க்கவே இல்லை. எதிரே நிறுத்தி வைத்த போனில் தெரிகிற தன் கையைப் பார்த்துப் பார்த்து வேலை செய்திருக்கிறார். அந்தப் படம் கண்ணாடி காட்டுகிற மாதிரி இடவலம் மாற்றிக் காட்டுகிற படம். அதில் முந்தி நிற்பது பிந்தி நிற்பதாகத் தெரியும், பிந்தி நிற்பது முந்தியதாகத் தெரியும். டீச்சர் பக்கம் வருகிற படமோ நேரான படம். இத்தனை மாதமாக ஒருவர் கண்ணாடிக்குள்ளும் ஒருவர் வெளியிலுமாக உட்கார்ந்து ஒரே மெஷினைப் பார்த்திருக்கிறார்கள்.

"அப்ப கிளாஸ்ல மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?" என்று மாப்பிள்ளை கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"நான்தான் சொல்லிட்டே இருந்தேனே" என்றாள். "முந்தி இருக்கு, பிந்தி இருக்குன்னு அவங்க பாக்கறதுக்குள்ள நான் சொல்லிடுவேன். அவங்க கண்ணால ஒரு தடவகூடப் பாக்க விட்டதில்ல. கூடவே நின்னு கெடுத்திருக்கேன்." அன்று சாயங்காலம் வரை யாருக்கும் போன் போடவில்லை. தம்பி உயிரோடு இருந்திருந்தால், மகள் தன்னைப் போலவே ஆகிவிட்டாள் என்று பயந்திருப்பான்.

மறுநாள் முதல் வேலையாக அக்காவைக் கண்ணாடி வாங்கச் சொன்னாள். அக்கா மாட்டேன் என்றார். தையல் வரிசையில் கண்ணாடி போட்டவர்களைப் பட்டன் எண்ண அனுப்பிவிடுவார்களாம். அதனால்தான் ஐந்து வருஷமாகக் கண் மங்கியதை யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறார்.

"அது தைக்கறவங்களுக்குக்கா. மெக்கானிக்குக்குக் கண்ணாடி போட்டாத்தான் மதிப்பு. படத்து வாத்தியாரப் பாருங்க, நெத்தியில ஒண்ணு மூக்குல ஒண்ணு வச்சிருக்காரு."

"அவருக்கு மூக்கு நீளம்."

"நீங்க போட்டுட்டு வாங்க, அளந்து பாத்துடலாம்."

கண்ணாடி வந்தது. போனையும் திருப்பி வைத்தார்கள், திரை சுவரைப் பார்க்கிற மாதிரி. பின்பக்கக் கண் அக்காவின் கையைப் பார்க்கும், அக்கா மெஷினை மட்டும் பார்ப்பார். அப்புறம்தான் கஷ்டமான பாடம். அது டீச்சருக்கு. அக்கா வேலை செய்கிறபோது இவள் வாய் திறக்கக் கூடாது. முதல் நாள் நான் கூடவே இருந்தேன். இரண்டாவது நிமிஷத்திலேயே, "அக்கா அந்த..." என்று ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளைதான் வழி சொன்னார்: "வாயில தண்ணி வச்சுக்க." வைத்துக்கொண்டாள். நாலாவது நிமிஷம் விழுங்கிவிட்டு, "ஸ்க்ரூ" என்றாள். மறு வாய் ஊற்றினார். இரண்டு வாரம் இப்படிப் போனது. கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, அவள் அந்தத் திரையைப் பார்க்கிற அழகைப் பார்க்க எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை. கடைசி மூன்று நாள் அக்கா கலைத்து வைத்ததும் சரி, கண்டுபிடித்ததும் சரி, தைத்ததும் சரி. தண்ணீர் ஒரு சொட்டுக் குறையாமல் வாஷ்பேசினுக்குப் போனது.

பரீட்சை சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. வழிகாட்டி சாட்சியாக இருக்கலாம், பேசக் கூடாது. அவள் மைக்கைப் பரீட்சைக்காரரே அடைத்துவிட்டார். அவரும் நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார், குரல் மட்டும் கொஞ்சம் கறார்.

"அம்மா, போனைத் திருப்பி வைங்க. முகமும் கையும் சேர்ந்து தெரியணும். இல்லேன்னா யாரு செய்யறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. போன தடவை போன் முதலிலிருந்தே அப்படித்தான் நின்றது, அதனால் இந்தப் பேச்சே வரவில்லை. அக்கா போனைத் திருப்பினார். திரை மறுபடி அவர் எதிரே வந்து நின்றது.

ஷட்டிலைத் தளர்த்திக் கலைத்தார். வேர்வையில் கண்ணாடி மங்கியது. கழற்றினார், மெஷின் மேல் வைத்தார், குனிந்து பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. கண் தானாகவே மேலே போனது. அவர் எதைப் பார்க்கிறார் என்று இங்கே எங்கள் மூவருக்கும் தெரிந்தது. கை முந்தி நிற்கிற மூக்கை இன்னும் முன்னால் தள்ளியது. ஓட்டினார். ஒரு தையல் விழவில்லை.

"முதல் முயற்சி சரியில்லை. இன்னொண்ணு இருக்கு. பதினாறு நிமிஷம்" என்றார் பரீட்சைக்காரர்.

"டீச்சர் இருக்காங்களா சார்?"

"இருக்காங்க. பேச மாட்டாங்க."

இவள் கையில் அந்தச் சாதாரணப் போன் இருந்தது. அக்காவின் நம்பர் முதலாவதாக நின்றது. அக்கா பரீட்சைக்கு வைத்திருப்பது தங்கையின் போன். அவருடைய சொந்தப் போன் பக்கத்திலேயே எங்காவது கிடக்கும். பேசக்கூட வேண்டாம், ஒரு மணி அடித்தால் போதும், திரையைப் பார்த்துத் தள்ளிவிட்டோம் என்று அக்காவுக்குப் புரிந்துவிடும். கட்டை விரல் அந்த எண்ணின் மேல் நின்றது. மாப்பிள்ளை அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றதோ. பிறகு போனை என் பக்கம் நீட்டினாள்.

"பெரியப்பா, இத வச்சுக்குங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பதினாறு பதினாலாகி, பதின்மூன்றானது. பிறகு எழுந்து கண்ணாடியை நன்றாகத் துடைத்து மாட்டினார். காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணியில் ஒரு துண்டை எடுத்து, போன் அருகே வந்தார். எங்கள் திரை ஒரு கணம் இருண்டது. பிறகு வெளிச்சம் வந்தது. மேலே கேமராவை மட்டும் விட்டுவிட்டு, திரை முழுவதும் மறைகிற மாதிரி துணியைத் தொங்கவிட்டு நூலால் கட்டிவிட்டார்.

"என்னம்மா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல சார். என்னையே நான் பாத்துக்கிட்டிருந்தா வேல ஓடாது. உங்களுக்கு நான் தெரியறேனா?"

"தெரியறீங்க."

"அது போதும்."

குனிந்தார். இந்த முறை தலை நிமிரவே இல்லை. சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை இறக்கி, எள்ளளவு ஏற்றி, உற்றுப் பார்த்தார். "முந்தி இருக்கு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பின்னால் நகர்த்தினார். ஸ்க்ரூ ஒன்று, இரண்டு, மூன்று. ஓட்டினார். அந்த ஆப்பில் மெஷின் சத்தம் எதுவும் வரவில்லை. துணி நகர்வது மட்டும் தெரிந்தது. ஒரு முழம் நகர்ந்து நின்றது. நூலை வெட்டி, துணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டினார். இரண்டு பக்கமும் எறும்பு வரிசை போலத் தையல், நடுவில் ஒன்றுகூடத் தவறவில்லை.

பரீட்சைக்காரர் கொஞ்ச நேரம் எழுதினார். "பாஸ்மா. சான்றிதழ் திங்கட்கிழமை வரும்" என்றார். பிறகு, "டீச்சர், மைக்கைத் திறந்துவிட்டேன். நீங்க பேசலாம்."

அக்கா துணியை விலக்கிவிட்டுக் காத்திருந்தார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இரண்டு கையும் திரை முழுக்கத் தெரிந்தன. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டேன், முக்கால் மணி நேரமாவது ஆகும் என்று.

அவள் சட்டைக் கையின் நுனியை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டு, திரையில் தெரிந்த அந்தக் கைகளின் எண்ணெயை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தாள்.